தள்ளுமுன் ஒரு கேள்வி

மழைக்காலத்துக் காலைவேளை. பள்ளிக்கூட மணி அடிக்க இன்னும் அரைமணி நேரமே இருக்கின்றது. வீட்டு முற்றத்தில் நிற்கும் கார் கிளம்ப மறுக்கின்றது. அப்போது நம்மவர் செய்வது யாது? முதலில் திறப்பை நாலைந்து முறை திருப்புவர். பின்னர் மேலும் நாலைந்து முறை திருப்புவர். அதன்பின் வேலிக்கப்பால் நிற்கும் அயலவர் ஒருவர், வண்டியை எட்டியும் பாராமல், "பற்றறி இறங்கிப்போச்சு" என்று தீர்ப்புக் கூறுவார். தெருவாற் போகும் இளைஞர் இருவர் அழைக்கப்படுவர், வண்டி தள்ளப்படும். கிளம்பினால் அயலவரின் தீர்ப்பு மெய்யாயிற்றென்று கொள்ளப்படும். கிளம்பாவிடின் வேறொருவர் வேறொரு தீர்ப்புடன் வருவார். கேள்வி எதுவும் கேட்கப்படாமலே விடைகள் மாத்திரம் வரிசையாக வந்துகொண்டிருக்கும்.

இது சிறு விடயம் என்று வாசகர்கள் கருதலாம். இலக்கியமும் கலையும் பேசப்படும் இப்பக்கத்திற் கிளம்பாத காருக்கு என்ன வேலை என்றும் வினவலாம். ஆயின் ஒரு சமுதாயம் எப்படிச் சிந்திக்கின்றது என்பதை அதன் மேடைப் பேச்சுக்களிலும் பார்க்க, ஓடாத இயந்திரத்தின் முன் அது நிற்கும் நிலையிலிருந்து தெளிவாக அறியலாம் என்பது என் துணிபு. மருந்து என்னும் அதிகாரத்தில் வள்ளுவர் ஓர் ஒழுங்கை வகுத்தார். நோய் இன்னதென அறிதல் முதலாவது. அது எதனால் வந்ததென அறிதல் இரண்டாவது. அதனைத் தணிக்கும் வழியை அறிதல் மூன்றாவது. செய்தல் அதன் பின்னரே. நாமோ அக்குறளைச் சுவரில் எழுதி வைத்துவிட்டு, நான்காவதை முதலிற் செய்யப் பழகியிருக்கின்றோம்.

என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்லி மேற்செல்வது பொருந்தும்.

மூன்று மருந்தும் ஒரு கம்பியும்

1980களில் ஜப்பானிலிருந்து வந்த பழைய கார் ஒன்று என்னிடம் உண்டு. கடந்த மாரிகாலத்தில் ஒருநாட் காலை, திறப்பைத் திருப்பியதும் "டக்" என்ற ஓர் ஒலி மட்டும் எழுந்தது, எஞ்சின் சுழலவில்லை. அயலவரின் தீர்ப்புப்படி புதுப் பற்றறி வாங்கிப் பூட்டினேன். வண்டி கிளம்பிற்று. இரண்டு நாட் கழித்து மீண்டும் அதே "டக்". இம்முறை வண்டியை ஒரு கராஜுக்கு இழுத்துச் சென்றனர். ஸ்ராட்டர் மோட்டாரைக் கழற்றிப் புதிய பிறஷ் போட்டனர், வண்டி கிளம்பிற்று. ஒரு வாரம் சென்றது, மறுபடியும் "டக்". திறப்பு ஆழியை மாற்றினர். அன்று மாலையே வீட்டு வாசலில் வண்டி மௌனமாயிற்று. இதற்குள் என் மாதச் சம்பளத்திற் பெரும்பகுதி கரைந்து போயிருந்தது.

நொந்துபோய், ஊரில் வேலையை விட்டு ஓய்ந்திருக்கும் முதிய மெக்கானிக் ஒருவரிடம் சென்றேன். அவர் துவிச்சக்கர வண்டியிலே வந்தார். கையில் ஆயுதம் எதுவும் இல்லை. வண்டியின் மூடியைத் திறக்குமுன் என்னைச் சாரதி ஆசனத்தில் இருக்கச் சொன்னார்.

"மாஸ்ரர், முன் லைற்றைப் போட்டிட்டுத் திறப்பைத் திருப்புங்கோ. நான் சொல்லுமட்டும் கையை எடாதேங்கோ."

அவ்வாறே செய்தேன். "டக்" என்றது. அவர் விளக்கையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"லைற் மங்கேல்லை. அப்ப பற்றறியிலை குற்றமில்லை. கறண்ட் ஸ்ராட்டருக்குப் போகேல்லை, இல்லாட்டிப் போன கறண்டுக்குத் திரும்பி வர வழியில்லை. ரெண்டிலை ஒண்டு."

இன்னும் இரண்டு முறை திருப்பச் சொன்னார். பின்னர் மூடியைத் திறந்து, காபுரேற்றருக்குச் செல்லும் சோக் கம்பியிற் கையை வைத்தார். என் கையையும் பிடித்து அதன்மேல் வைத்தார். கம்பி சுட்டது.

"அண்ணை, இது ஏன் சுடுகுது?" என்று கேட்டேன்.

"வர வேண்டிய பாதை அடைச்சுப்போச்சு. அதாலை கறண்ட் இந்த ஒழுங்கையாலை வருது" என்றார்.

பற்றறியின் பூமி முனையிலிருந்து எஞ்சினின் உடம்புக்குத் தடித்த வயர் ஒன்றைத் தற்காலிகமாகத் தொடுத்துவிட்டு, மீண்டும் திருப்பச் சொன்னார். எஞ்சின் உடனே சுழன்று கிளம்பிற்று. எஞ்சினையும் வண்டியின் உடலையும் இணைக்கும் பின்னற் பட்டி ஒன்று, உப்புக்காற்றில் துருப்பிடித்து, அடிப்பகுதியிற் சில இழைகளில் தொங்கிக்கொண்டிருந்தது. அதனை மாற்றுவதற்கான செலவு ஓர் இராச்சாப்பாட்டின் விலைதான். கோளாறைக் கண்டறிய அவருக்குப் பத்து நிமிடமும் ஆகவில்லை.

முன்னைய மூன்று மருந்தும் ஏன் சிலநாள் வேலை செய்தன என்று அவரிடம் கேட்டேன். "ஒவ்வொரு முறையும் ஆரோ உதுக்குள்ளை கையை விட்டு ஆட்டினவை. ஆட்டேக்கை பட்டி கொஞ்சம் பட்டிருக்கும்" என்றார். நம் பழைய தருக்க நூலார் இதற்குப் பெயரே வைத்திருக்கின்றனர்: காகதாலீய நியாயம். காகம் இருக்கப் பனம்பழம் விழுந்தது. காகந்தான் விழுத்திற்று என்றோம். பனை நிறைந்த நாட்டிற் பிறந்தவர்களுக்கு இவ்வுவமை விளக்கம் வேண்டாதது. ஆயினும் அதே பிழையை நாடோறும் செய்கின்றோம்.

இரண்டு நோய்க்கு ஒரு பெயர்

அந்த முதியவர் செய்தது மாயவித்தை அன்று. அதனை எவரும் கற்கலாம். "வண்டி ஸ்ராட் வரவில்லை" என்று நாம் சொல்லும் ஒரே வாக்கியம் முற்றிலும் வேறான இரண்டு நோய்களை மறைத்து நிற்கின்றது. ஒன்று, எஞ்சின் சுழலவே இல்லை என்பது. மற்றையது, எஞ்சின் நன்றாகச் சுழல்கின்றது, ஆனாற் பற்றிக்கொள்ளவில்லை என்பது. முதலாவது மின்சாரத்தின் குற்றம், அல்லது ஸ்ராட்டரின் குற்றம், அரிதாக எஞ்சினே இறுகிவிட்ட குற்றம். இரண்டாவதிற் பற்றறியும் ஸ்ராட்டரும் பெரும்பாலும் குற்றமற்றவை. அங்கே தேடவேண்டியவை பொறி, எரிபொருள், அமுக்கம் என்னும் மூன்றும், அவை உரிய வேளையிற் கூடுகின்றனவா என்பதுமாம். இந்தப் பிரிவினை ஒன்றைச் செய்தவுடனே தேடவேண்டிய இடத்திற் பாதி கழிந்துவிடுகின்றது. இதற்குக் காசு எதுவும் வேண்டியதில்லை. காது ஒன்று போதும்.

சுழலாத எஞ்சினை முதலிற் பார்ப்போம். விளக்கைப் போட்டுத் திறப்பைத் திருப்பும்போது விளக்கு முற்றாக அணைந்துபோனால், பற்றறி வலுவிழந்துள்ளது, அல்லது அதன் முனைகளிற் பிடிப்புச் சரியில்லை. "டக டக டக" என்று விரைவான ஒலி கேட்பதும் பெரும்பாலும் இதனையே குறிக்கும். விளக்கு வெகுவாக மங்கி, எஞ்சினும் முக்கி நின்றால், ஸ்ராட்டரின் பல் சிக்கியிருக்கலாம், அல்லது எஞ்சின் இறுகியிருக்கலாம். விளக்கு சற்றும் மங்காமலிருந்தால், மின்சாரம் ஸ்ராட்டரினூடாக ஓடவே இல்லை. வழியில் எங்கோ அறுந்திருக்கின்றது. ஸ்ராட்டர் மட்டும் "விர்" என்று தனியே சுழன்றால், அதன் பல் எஞ்சினின் சில்லைப் பிடிக்கவில்லை. ஒரு விளக்கும் இரு செவியும் கொண்டு நான்கு நோய்களைப் பிரித்தறிய முடிகின்றது.

விளக்கு நன்றாக எரியும்போது பற்றறியின் முனை எப்படிக் குற்றமாகும் என்று பலர் வாதிடுவர். க.பொ.த. சாதாரணதர விஞ்ஞானத்தில் ஓமின் விதி படிக்கும் ஒவ்வொரு மாணவனும் இதற்கு விடை கூற வேண்டியவன். முனையிற் பச்சைக் களிம்பு படிந்து 0.05 ஓம் தடை ஏற்பட்டிருக்கின்றது எனக் கொள்வோம். முன் விளக்குகள் இரண்டும் ஏறத்தாழ 10 அம்பியர் எடுக்கும்; 10ஐ 0.05ஆற் பெருக்க, இழப்பது அரை வோல்ற்று. விளக்கில் அது கண்ணுக்கும் தெரியாது. ஸ்ராட்டரோ 150 அம்பியர் அளவு கேட்பது, 150ஐ 0.05ஆற் பெருக்க 7.5 வோல்ற்று வழியிலேயே போய்விடும். 12 வோல்ற்றில் எஞ்சுவது 4.5. உண்மையில் அத்தடையே மின்னோட்டத்தையும் குறைத்துவிடுவதாற் கணக்கு இத்துணை நேரானதன்று. ஆயினும் முடிவு ஒன்றே. விளக்கை எரிக்கப் போதுமான பாதை ஸ்ராட்டரைச் சுழற்றப் போதாது. ஒற்றையடிப் பாதையில் ஒரு மனிதன் நடந்து போகலாம். நல்லூர்த் தேர் போக முடியாது.

நன்றாக மின்னேற்றிய 12 வோல்ற்றுப் பற்றறி ஓய்வில் 12.6 வோல்ற்று அளவு காட்டும். ஸ்ராட்டர் சுழலும்போது அது 9.6க்குக் கீழே வீழ்ந்தாற் பற்றறியை ஐயுறலாம். வீழாமலே எஞ்சின் சோர்ந்து சுழன்றாற் பாதையை ஐயுறவேண்டும். இதனை அளக்கும் கருவி இன்று எந்த மின்சாதனக் கடையிலும் மலிவாகக் கிடைக்கின்றது. குடாநாட்டுக்கே உரிய இரண்டு காரணங்களையும் இங்கே மறத்தலாகாது. எத்திசையிற் சென்றாலும் கடல் அணித்தாகவே இருப்பதால், உப்புக்காற்று முனைகளையும் பூமிப் பட்டிகளையும் அரிக்கின்றது. நம் கிணற்று நீரோ சுண்ணாம்புக் கல்லினூடாக ஊறி வருவது. அதனைப் பற்றறிக்குள் ஊற்றுவோர் பற்றறியைத் தாமே கொல்கின்றனர். ஊற்றவேண்டியது வடித்த நீர் மாத்திரமே.

இனி, சுழன்றும் பற்றாத எஞ்சின். பிளக்கிற் பொறி வருகின்றதா? எரிபொருள் வந்து சேர்கின்றதா? பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் அது உலர்ந்திருக்கின்றதா, நனைந்திருக்கின்றதா? உலர்ந்திருந்தால் எரிபொருள் வரவில்லை. நனைந்திருந்தால் வந்தது எரியவில்லை. எஞ்சின் வழக்கத்திலும் இலேசாகவும் விரைவாகவும் சுழன்றால் அமுக்கம் இல்லை. உள்ளே வால்வுகளை இயக்கும் பட்டி அறுந்திருக்கக்கூடும். ஒவ்வொரு கேள்வியும் ஐயத்தை இரண்டாகப் பிளந்து, ஒரு பாதியைத் தள்ளிவிடுகின்றது. மலையிற் புகையைக் கண்டு நெருப்பை உய்த்துணரும் எடுத்துக்காட்டைச் சைவப் பாடசாலைகளில் தருக்கம் படித்தோர் சலிக்காமற் சொல்வர். புகைக்குழாயிற் கரும்புகையைக் கண்டு எரிபொருள் மிகுதியை உய்த்துணர்வதும் அதே அனுமானந்தான். முன்னதைப் புலமை என்றும் பின்னதைக் கைத்தொழில் என்றும் பிரித்தது நமது மயக்கம்.

மண்ணெண்ணெயிற் கற்ற பாடம்

இந்த அறிவு நம்மிடம் இல்லாத ஒன்றன்று. உலகில் வேறெங்கும் அரிதாகவே நேர்ந்திருக்கக்கூடிய கடுமையான சோதனை ஒன்றில் அது இம்மண்ணிற் பயிராயிற்று. 1990ஆம் ஆண்டு தொடங்கிக் குடாநாடு பொருளாதாரத் தடைக்குள் வாழ்ந்தது. மின்சாரம் இல்லை. பெற்றோலும் பற்றறி வகைகளும் தடைசெய்யப்பட்ட பொருள்களாயின. மாணவர்கள் குப்பி விளக்கிற் படித்தனர். துவிச்சக்கர வண்டியின் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டனர். அக்காலத்தில், அதற்கும் நாற்பது ஆண்டுகட்கு முன் இங்கிலாந்திலிருந்து வந்த ஒஸ்ரின் ஏ40, மொறிஸ் மைனர் போன்ற கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. தொடக்கத்துக்குக் காபுரேற்றரிற் சில துளி பெற்றோல். எஞ்சின் சூடேறியதும் மண்ணெண்ணெய். மருந்துக் குப்பியளவு பெற்றோல் பொன்போற் பேணப்பட்டது. அதனைக் கண்டவர்கள் இன்றும் வியப்புடன் பேசுவர். ஆயின் அது ஏன் அப்படிச் செய்யப்படவேண்டியதாயிற்று என்பதை விளக்குவோர் அரியர்.

காரணம் தெளிவானது. எரிவது திரவம் அன்று. அதன் ஆவியே எரிகின்றது. பெற்றோல் பூச்சியத்துக்குக் கீழே 40 பாகை செல்சியசு அளவிலும் பற்றக்கூடிய ஆவியைத் தரும். மண்ணெண்ணெயோ ஏறத்தாழ 38 பாகைக்கு மேலேதான் அவ்வாறு தரும். நமது காலைப்பொழுதின் வெப்பநிலை 25 பாகையை ஒட்டியது. ஆகவே குளிர்ந்த எஞ்சினுக்குள் மண்ணெண்ணெய் எத்துணை சென்றாலும் பொறி அதனைப் பற்றவைக்க மாட்டாது. சில துளி பெற்றோல் எஞ்சினைச் சூடாக்கும். சூடேறிய எஞ்சின் மண்ணெண்ணெயை ஆவியாக்கும். பழைய கார்களே இதற்கு ஈடுகொடுத்ததும் தற்செயலன்று. அவற்றின் அமுக்க விகிதம் ஏறத்தாழ 7க்கு 1. மண்ணெண்ணெய் அமுக்கத்தைத் தாங்காது வேளைக்கு முன்னே வெடித்து எஞ்சினைத் தட்டவைப்பது. 10க்கு 1 என்னும் அளவிலுள்ள புதிய எஞ்சின்களில் அத்தட்டல் தாங்க முடியாததாகும். தோட்டங்களில் நீரிறைக்கும் இயந்திரங்களைப் பெற்றோலிற் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட்டிய பழக்கம் நம் கமக்காரருக்கு முன்பே இருந்தது. அந்த அறிவு தோட்டத்திலிருந்து தெருவுக்கு வந்தது என்று கொள்ளுதல் பொருந்தும்.

பற்றறியின் கதையும் அத்தகையதே. 1912ஆம் ஆண்டிலே அமெரிக்காவிற் கடிலாக் கார்களில் மின் ஸ்ராட்டர் பூட்டப்பட்டது. அதற்கு முன் மனிதன் இரும்புக் கைபிடியை எஞ்சினின் முன்னே செருகிக் கையாற் சுற்றினான். எஞ்சின் பின்னுதைத்துக் கை முறிந்தவர் பலர். தடைக்காலம் நம்மை 1912க்கு முந்திய உலகுக்கு அனுப்பிற்று. ஸ்ராட்டருக்கு 150 அம்பியர் வேண்டும். ஆனாற் பொறியைத் தரும் கொயிலுக்கு நான்கு அம்பியர் அளவே போதும். ஆகவே எஞ்சினைச் சுழற்ற வலுவற்றுக் கிடக்கும் பற்றறியும் பொறியைத் தர வல்லது. சுழற்றும் வேலையை மனிதரின் தோள்கள் ஏற்றுக்கொண்டால், எஞ்சிய வேலையைச் சாகக்கிடக்கும் அந்தப் பற்றறி செய்யும். வண்டி தள்ளுவதன் தத்துவம் இதுவே. அன்று தள்ளியவர்கள் அதனை அறிந்து தள்ளினர். இன்று நாம் வழக்கம் பற்றித் தள்ளுகின்றோம்.

அக்காலத்தை நான் பொற்காலமாக்க விரும்பவில்லை. மண்ணெண்ணெய் எரியாமல் வழிந்து எஞ்சின் எண்ணெயை நீர்க்கச் செய்து, எத்தனையோ நல்ல எஞ்சின்களைத் தின்றது. தெருவெல்லாம் அதன் புகை கண்ணை எரித்தது. நோயாளியை ஏற்றிய வண்டி கிளம்புமா, கிளம்பாதா என்பது உயிருக்கும் சாவுக்கும் இடைப்பட்ட கேள்வியாயிற்று. 1995ஆம் ஆண்டு ஒக்ரோபர் 30ஆந் திகதி வலிகாமத்து மக்கள் நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சிக்குப் பெயர்ந்தபோது அந்த நெரிசலில் நின்றவர்களுக்கு இதனை நான் சொல்ல வேண்டியதில்லை. வறுமையும் முற்றுகையும் அறிவைத் தரும் ஆசான்கள் என்று புகழ்வது, பட்டவரின் துன்பத்தை மறந்து பேசுவதாகும். ஆயினும் அத்துன்பத்தினூடே பெற்ற அறிவையும் இழந்துவிடுவோமாயின், விலையைக் கொடுத்துவிட்டுப் பொருளைக் கடையிலே மறந்து வந்தவராவோம்.

பொறி சொல்வதும் மனிதன் கேட்பதும்

இன்று நிலைமை மாறிவிட்டது. 2002இல் ஏ9 பாதை திறந்தபின் பொருள்கள் வந்தன, உதிரிப்பாகங்களும் வந்தன. பாகம் கிடைக்காத காலத்தில் நோயை அறிந்தே தீரவேண்டும். பாகம் மலிந்த காலத்தில் மாற்றிப் பார்த்தே நோயை அறியலாம் என்னும் எண்ணம் எழுந்தது. இதற்கு மெக்கானிக்குகளை மட்டும் குறைகூறுதல் நீதியன்று. "கெதியாய்ச் செய்து தா" என்று தலைமாட்டில் நிற்பவர் நாம். சிந்திப்பதற்கு அவர் எடுக்கும் அரைமணி நேரத்துக்குக் கூலி கொடுக்க மறுப்பவரும் நாம். பாகத்துக்குப் பற்றுச்சீட்டு உண்டு. அறிவுக்குப் பற்றுச்சீட்டு இல்லை. அறிவை விலைமதியாத வாடிக்கையாளருக்குப் பாகத்தை விற்பதைத் தவிர அவர் வேறு என்ன செய்வார்?

"இன்றைய வண்டிகளிற் கணினி உண்டு; கருவியைச் செருகினால் நோயின் பெயரை அதுவே சொல்லும். உமது முதியவரின் முறை பழங்கதை" என்று சிலர் கூறுவர். இக்கூற்றை நாம் தட்டிக் கழித்தலாகாது. அக்கருவி மிகப் பயனுள்ளது. ஆயின் அது சொல்வது யாது? பி 0335 என்று ஒரு குறியீடு தோன்றும். எஞ்சினின் சுழற்சியை உணரும் உணரியின் சுற்றிற் கோளாறு என்பது அதன் பொருள். உணரி கெட்டதா, அதற்குச் செல்லும் வயரை எலி கடித்ததா, இணைப்பிற் களிம்பு பிடித்ததா, பூமிப் பட்டி அறுந்ததா என்பதை அது கூறாது. குறியீட்டைக் கண்டதும் உணரியை வாங்கி மாற்றுபவர், "பற்றறி இறங்கிப்போச்சு" என்று தீர்ப்புக் கூறிய என் அயலவரின் மாணவரே. கையில் விலையுயர்ந்த கருவி இருப்பதொன்றே வேறுபாடு. இன்னொன்று: நமது தெருக்களிற் பெருகியுள்ள கலப்புமின் கார்களிற் பலவற்றுக்குத் தனி ஸ்ராட்டரே இல்லை. அவற்றைத் தள்ளிக் கிளப்பவும் முடியாது. ஆனாற் பின்புறத்தே ஒளிந்திருக்கும் சிறிய 12 வோல்ற்றுப் பற்றறி இறங்கினால், கணினி விழிக்காது; இலட்சக்கணக்கிற் பெறுமதியான வண்டி கல்லாய்ச் சமைந்துவிடும். பழைய கேள்வி புதிய வண்டியிலும் அதே இடத்திற் காத்திருக்கின்றது.

2020இல் விதிக்கப்பட்ட வாகன இறக்குமதித் தடை 2025இலேதான் தளர்ந்தது. அவ்வாண்டுகளிற் பழைய வண்டியை ஓடவைப்பது ஒவ்வொரு வீட்டின் பொருளாதாரமுமாயிற்று. 2022இன் எரிபொருட் பஞ்சத்தில் வாரக்கணக்கிற் கிடந்த வண்டிகளின் பற்றறிகள் தாமே இறங்கின. இத்தகைய காலம் இனி வராதென்று எவர் உறுதி கூறுவர்?

இரண்டு தமிழ்

இவ்வறிவு கைமாறாமற் போவதற்கு மொழியும் ஒரு காரணம் என்பதே நான் முக்கியமாகச் சொல்ல விழைவது. நம்மிடம் இரண்டு தமிழ் இருக்கின்றன. பாடப்புத்தகத்தில் மின்கலவடுக்கு, தடை, மின்னோட்டம், அழுத்த வித்தியாசம். கராஜிற் பற்றறி, பிடிப்பு, கறண்ட், ஏர்த். முன்னதை அறிந்த மாணவன் தேர்வில் ஓமின் விதியை எழுதிச் சிறப்புச் சித்தி பெறுகின்றான்; தகப்பனாரின் வண்டி "டக்" என்றால் அவனுக்கு அந்த விதி நினைவுக்கு வருவதில்லை. பின்னதை அறிந்த தொழிலாளி நாடோறும் அவ்விதியைக் கையாள்கின்றான். தான் செய்வது பௌதிகம் என்று அவனுக்கு எவரும் கூறவில்லை. இருவரும் ஒரே ஊரில், ஒரே தெருவில் வாழ்கின்றனர். இருவர் அறிவும் சந்திப்பதில்லை.

சந்திக்கவைத்த ஒருவர் இங்கே வாழ்ந்தார். 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் இருந்து மேலைத்தேய மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்தார். மருத்துவ நூல்களைத் தமிழில் ஆக்கினார். அதற்கு வேண்டிய கலைச்சொற்களையும் தேடித் தந்தார். மனித உடலின் நோயை ஆராயும் முறையைத் தமிழிற் சொல்ல ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்னே முடிந்தது. 1950களிலும் 60களிலும் அரசகரும மொழித் திணைக்களம் துறைதோறும் கலைச்சொற்றொகுதிகளை வெளியிட்டது. அவ்வாறிருக்க, இயந்திரத்தின் நோயை ஆராயும் முறையை, மெக்கானிக்கும் மாணவனும் ஒருங்கே படிக்கத்தக்க நல்ல தமிழில் இன்று நம்மாற் சொல்ல முடியாதா? "கோழி மேய்ச்சாலும் கோறணமேந்திலை மேய்க்கவேணும்" என்ற நம் பழைய பழமொழியின் நிழல் இன்னும் நீங்கவில்லை. எண்ணெய் படிந்த கையின் அறிவை எழுதத் தகுந்த அறிவென்று நாம் கருதவில்லை. தடை அதுவே என்று எனக்குத் தோன்றுகின்றது.

செய்யக்கூடியவை பெரியனவல்ல. விஞ்ஞான ஆசிரியர்கள் ஓமின் விதியைக் கற்பிக்கும் வாரத்தில் ஒரு பிற்பகல், பாடசாலை முற்றத்தில் நிற்கும் தமது சொந்த வண்டியின் பற்றறி முனைகளை மாணவர் கொண்டு அளக்கச் செய்யலாம். செலவு ஒரு மானி. ஓர் ஆசிரியரும் ஒரு மெக்கானிக்கும் கூடியிருந்து, "டக் என்றால், விளக்கு மங்கினால், பிளக் நனைந்திருந்தால்" என்று கேள்வி வரிசையாக ஒரு சிறு நூலை எழுதலாம். கராஜ்ச் சொல் முதலிலும் பாடநூற் சொல் அருகிலுமாக அதில் இருக்கட்டும். 1990இல் இருபத்தைந்து வயதினராயிருந்த தொழிலாளர் இன்று அறுபதைக் கடந்துவிட்டனர். பலர் கடல் கடந்தனர், சிலர் மறைந்தனர். எஞ்சியோர் சொல்வதைப் பல்கலைக்கழக மாணவர்கள் ஒலிப்பதிவு செய்யலாம். நம் ஏடுகளையும் நினைவுகளையும் பேணிவரும் எண்ணிம நூலகத்தில் அதற்கும் ஓரிடம் கிடைக்கும். வாடிக்கையாளராகிய நாமோ, "எதை மாற்றினீர்கள்?" என்று கேட்குமுன் "எதைச் சோதித்தீர்கள்?" என்று கேட்கப் பழகலாம். அச்சோதனைக்குரிய கூலியை முகங்கோணாமற் கொடுக்கலாம்.

அந்த முதியவரிடம் அன்று கூலி எவ்வளவு என்று கேட்டேன். "பட்டி மாத்தினதுக்குத் தாங்கோ, மாஸ்ரர், பாத்ததுக்கு என்ன காசு?" என்றார். அவர் தன்னடக்கத்தாற் கூறிய அச்சொல்லை நான் மிகவும் வருந்தத்தக்க சொல்லாகக் கருதுகின்றேன். பட்டியை மாற்ற எவராலும் முடியும். பார்ப்பதற்கு அவர் ஒருவரே இருந்தார். பார்த்ததற்குத்தான் காசு என்று சொல்லி, மறுத்த கையிற் காசை வைத்தேன். தம் தொழிலை எவராவது பழகுகின்றார்களா என்று விசாரித்தேன். மகன் கனடாவில் இருக்கின்றான். பேரன் இவ்வாண்டு சாதாரணதரப் பரீட்சை எழுதுகின்றான் என்றார்.

அந்தப் பையனை என் வகுப்பில் நான் அறிவேன். ஓமின் விதியைப் பிழையறச் சொல்லுவான். அடுத்த திங்கட்கிழமை அவனுடைய பேரனாரை வகுப்புக்கு அழைத்து வருமாறு சொல்லியிருக்கின்றேன்.